கூரையைத் தின்ற ஆராய்ச்சி

பேராசிரியர் புருஷோத்தமன் அனுமந்தை கிராமத்துச் சவரியம்மாளுக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கிய கடன் அல்ல, சீட்டுக் கடனும் அல்ல. ஒரு மாட்டுக் கொட்டகையின் கூரைக்கான கடன். இது சவரியம்மாளுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டரை வருடம் தராமல் இருப்பதற்கு ஒரு படிப்பு வேண்டும். அந்தப் படிப்பை அவர் முறையாகப் படித்து, பதக்கம் வாங்கி, முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அவசரப்படாதீர்கள். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஓர் இனம். கொக்கில் மடையான் இருக்கிற மாதிரி, மீனில் கெளுத்தி இருக்கிற மாதிரி, மனிதரில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று ஓர் இனம் இருக்கிறது. கல்லூரி, கலெக்டர் ஆபீஸ், கட்சி ஆபீஸ், கல்யாண மண்டபம் எங்கும் இது மேயும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு நேரான கேள்வி கேளுங்கள். நேரான பதில் வந்தால் அது வேறு இனம்.

கீழ்புத்துப்பட்டு டீக்கடையில் நம் பேராசிரியரிடம் ஒருமுறை மாஸ்டர் கேட்டார்: “சக்கர போதுமா சார்?”

பேராசிரியர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். “எதோட ஒப்பிட்டுக் கேக்கறீங்க?”

மாஸ்டர் அதற்குப் பிறகு அவரிடம் காசைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை.

இதை எழுதுகிறவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன். இன்றைக்கு அவன் பெயர் எழுதிய லாரிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகின்றன. அவன் சோகை இறக்காமல் மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் கூரை ஏறாது. கரும்பு வெட்டிய பிறகு மிஞ்சுகிற காய்ந்த இலைக்குத்தான் இந்தப் பக்கம் சோகை என்று பெயர். குப்பை என்று கொளுத்திக்கொண்டிருந்ததைக் கட்டுக் கட்டாகக் காசாக்கியவனுக்கு, மனிதர்களை எடைபோடத் தனியாகத் தராசு வேண்டாம். போட்டுக் காட்டுகிறேன், பாருங்கள்.

புருஷோத்தமன் வானூர் பக்கத்துப் பிள்ளை. நல்ல குடியானவக் குடும்பம், நல்ல மூளை. மாட்டுப் படிப்புக்குப் போனார். கூடப் படித்தவர்களில் சிலர் பாலை எடுத்துக்கொண்டார்கள், பண்ணை வைத்தார்கள். சிலர் நோயை எடுத்துக்கொண்டார்கள், ஊசி போட்டே வீடு கட்டினார்கள். புருஷோத்தமன் எடுத்துக்கொண்டது இறைச்சி மாட்டின் தீவனம். கறிக்கென்று வளர்க்கிற மாட்டுக்கு என்ன போட்டால் எத்தனை கிலோ ஏறும் என்கிற சாஸ்திரம். நம் பக்கத்தில் கறிக்கென்று யாரய்யா மாடு வளர்க்கிறான்? உழுது ஓய்ந்ததும் கறந்து வற்றியதும் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஏறிவிடும், அதோடு சரி. ஆக, இல்லாத மாட்டுக்கு என்ன தீனி போடலாம் என்று ஒரு மனிதர் முப்பத்து மூன்று வருடம் யோசித்தார். மாதச் சம்பளத்தோடு.

அதிலும் வேடிக்கை, அவர் மாட்டுக்கறியை வாயில் வைத்ததில்லை. வீட்டில் சனிக்கிழமை முட்டைகூடக் கிடையாது. கறியின் மிருதுவைப் பற்றி மட்டும் எழுதிக் குவித்திருக்கிறார். ருசி பார்த்து மார்க் போடுவதற்கு மாணவர்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டு, அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று மார்க்கை மட்டும் வாங்கிக்கொள்வார். மனைவி சுலோசனா கல்யாண வீடுகளில் ‘பீஃப்’ என்ற சொல் அக்கம்பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வார். “வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?” என்று யாராவது கேட்டால், “மாட்டுக்கு டயட் சொல்றாரு” என்று முடித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். அந்த அம்மாள் மட்டும் ஆராய்ச்சி செய்திருந்தால் எல்லாக் கேள்விக்கும் ஒரே வாரத்தில் விடை வந்திருக்கும்.

சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் பசு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. பதறிப்போய் போன் அடித்தார்கள். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “வயித்துக்குள்ள போற வரைக்கும்தான் என் சப்ஜெக்ட். உப்பினா அது மெடிசின் டிபார்ட்மெண்ட்” என்று சொல்லி வைத்துவிட்டார். பசு பிழைத்துக்கொண்டது. அவர் எதுவும் சொல்லாததால்.

இந்த இனம் எப்படிப் பெருகுகிறது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அவருடைய டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியே கரும்புச் சோகைதான். ‘சோகை மாட்டுத் தீவனமாகுமா?’ என்பது கேள்வி. நாலு வருடம் கழித்து வந்த விடை: ‘ஆகலாம். மேலும் ஆய்வு தேவை.’ அந்தக் கடைசி வரியைக் காட்டி அடுத்த பிராஜெக்ட் வாங்கினார். அதன் கடைசி வரியும் அதேதான். அதைக் காட்டி இன்னொன்று. துணைப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆனார், இணைப் பேராசிரியர் பேராசிரியர் ஆனார், பேராசிரியர் துறைத்தலைவர் ஆனார், வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்க் கோட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார். சோகை மட்டும் ‘ஆகலாம்’ என்ற இடத்திலேயே நின்றது. கேள்வி தீர்ந்துபோனால் பிழைப்புத் தீர்ந்துபோகும் என்பது தெரிந்த மனிதர்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

உப்பளக் கரையில் உமிரி என்று ஒரு பூண்டு தானாக முளைக்கும். தடித்த இலை, கடித்தால் உப்புக் கரிக்கும். இதைப் போட்டுக் காளைக் கன்றுகளைக் கொழுக்கவைக்க முடியுமா என்பது பேராசிரியரின் கடைசி பிராஜெக்ட். ஜெர்சிக் கலப்பில் பிறக்கிற காளைக் கன்றை யாரும் வைத்துக்கொள்வதில்லை அல்லவா, அந்த மாதிரி ஆறு கன்றுகளைச் சேகரித்தார். கட்டிவைக்க இடம் வேண்டும். அனுமந்தை சவரியம்மாளிடம் சோகை வேய்ந்த கொட்டகை ஒன்று இருந்தது. உப்பளத்தில் கூலி வேலை செய்து, குழுக் கடன் எடுத்து, ஆடு கட்டுவதற்காக அந்த அம்மாள் போட்ட கொட்டகை. சோகை யார் இறக்கியது என்று சொல்லவும் வேண்டுமா? பேராசிரியர் வாடகை பேசி, ‘வாங்கியபடியே திருப்பித் தருகிறேன்’ என்று கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். ஆடுகள் வெளியே வந்தன. ஆராய்ச்சி உள்ளே போனது.

மூன்று கன்றுக்கு உமிரி கலந்த தீனி. மூன்று கன்றுக்கு உமிரி இல்லாத தீனி, அதுவும் தராசில் நிறுத்து. பிடி கூடக் கூடாது, பிடி குறையக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள் ஜீப்பில் வந்து எடைபோட்டு எழுதிக்கொண்டு போவார்.

உமிரிக் கன்றுகள் ஒழுங்காகத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டன. மற்ற மூன்றுக்கும் தொட்டி சீக்கிரம் காலியானது. நாக்கைச் சுழற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தன. கொட்டகையின் இறவாரம் தாழ்வு. சோகை வாயருகில் தொங்கிற்று. பிறகு என்ன? இழுத்தன.

சவரியம்மாள் அந்த வாரமே பேராசிரியரைப் பிடித்துக்கொண்டார்.

“சார், உன் கன்னு என் கூரையத் துன்னுது சார்.”

“எந்தக் குரூப்பு கன்னும்மா?”

“குரூப்பு இன்னா சார் குரூப்பு! கூரை போவுதுன்றேன்.”

“நேரா பாத்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?”

“நேராதான் பாத்தேன். நீயும் பாரேன், அதோ வாயில தொங்குது.”

தொங்கத்தான் செய்தது. ஒரு முழ நீளச் சோகை. புருஷோத்தமன் பார்த்தார். தராசில் நிறுத்துப் போடுகிற கன்று கணக்கில் இல்லாத தீனியைத் தின்றால் உமிரிக்கும் அதற்கும் என்ன ஒப்பீடு? பிராஜெக்டே கோவிந்தா. அவர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். ஊதினார், துடைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இன்னொரு முறை துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தபோது கன்று விழுங்கிவிட்டிருந்தது.

“இப்ப ஒண்ணும் தொங்கலையே?”

“சார்!”

“ஒரு தடவ பாத்தத வெச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா. காத்துல பிஞ்சு வந்து வாயில ஒட்டியிருக்கலாம்.”

ஆறு மாதம் முடிந்தபோது மூன்று பக்கம் இறவாரம் போயிருந்தது, நடுவில் வானம் தெரிந்தது. கட்டுரையில் ‘கடற்காற்றினால் கொட்டகை சேதம்’ என்று ஒரு வரி. இரண்டு குரூப்புக்கும் எடையில் வித்தியாசம் இல்லை, மேலும் ஆய்வு தேவை என்று இன்னொரு வரி. கன்றுகளை ஏலம் விட்டார்கள். உமிரிக் கட்டைப் பிடித்திருக்கிற சவரியம்மாளின் கை மட்டும், முழங்கை வரைக்கும், கட்டுரையில் படமாக வந்தது. முகம் வரவில்லை. நல்லவேளை. அந்த முகத்தைப் பார்த்திருந்தால் வெளிநாட்டில் பயந்திருப்பார்கள்.

அனுமந்தை மாதா கோயில் திருவிழாவில் பேராசிரியர் ஒருமுறை அகப்பட்டுக்கொண்டார். சவரியம்மாள் வீட்டில் மாட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கடன்பட்ட இடத்தில் உட்காராமல் வர முடியுமா? மோர் மட்டும் வாங்கிக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காகத் தன் சப்ஜெக்டை எடுத்தார்.

“கறி மிருதுவா இருக்குதாம்மா? அஞ்சுக்கு எத்தன மார்க் போடுவ?”

“அஞ்சு வுட்டேன் சார்.”

“அஞ்சுக்கு அஞ்சா!”

“விசிலு சார். குக்கர்ல. என் கூரைய எப்ப போடற?”

கூரைக்கு அவர் என்ன சொன்னார் என்கிறீர்கள்? முதலில் மார்ச் முப்பத்தொன்று முடிந்துவிட்டது என்றார். அப்புறம் ஏப்ரலில் புதுக் கணக்கு திறக்கவில்லை என்றார். அப்புறம் மேலும் ஆய்வு தேவை, சேதத்தை மதிப்பிட ஒரு கமிட்டி என்றார். கமிட்டிக்குத் தலைவர் யார்? அவரேதான். “வருவேன்” என்று தலைவர் தனக்கே தேதி கொடுத்து, தானே வராமல் இருந்தார். வாடகைப் பணத்துக்கும் இதே கதைதான் நடந்திருந்தது. ‘ஸ்டாம்பு மேல கையெழுத்தப் போட்டுக் குடும்மா, பணம் பின்னாடியே வரும்’ என்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். நம்பிப் போட்டுக்கொடுத்தார் சவரியம்மாள். பணம் பின்னாடியே வந்தது. எட்டு மாதம் பின்னாடி.

அந்த வருடமும் அடுத்த வருடமும் ஐப்பசி மழை அனுமந்தைக்கு வந்தது. அதற்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி சமாளித்தார் சவரியம்மாள். முதல் வருடம் பாய் தாங்கியது. இரண்டாம் வருடம் காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய், விடிய விடிய நனைந்த ஆடுகளில் இரண்டு குட்டிகள் விறைத்துப்போயின. அன்றைக்குத்தான் அந்த அம்மாள் கல்லூரிக்கு ஒரு மனு எழுதிப்போட்டார். எழுதச் சொல்லி, போஸ்ட் ஆபீஸுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டும் போனவன் யார் என்பதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் செப்டம்பர் கடைசி நாள். பேராசிரியர் ஓய்வு பெறுகிற நாள். மதியம் பிரியாணி விருந்து, நாலு மணிக்குப் பொன்னாடை, வெள்ளி முலாம் பூசிய பசுவும் கன்றும். காலையில் கணக்குப் பிரிவு சூப்பிரண்டெண்ட் ஜெயப்பிரகாஷ் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

“சார், நோ டியூஸ் குடுக்க முடியாது. உங்க பேர்ல ஒரு மனு பென்டிங் இருக்குது. அனுமந்தை, கூரை.”

“அது சின்ன விஷயம்பா. அப்புறம் பாக்கலாம்.”

“சின்னதுதான் சார். ஆனா அது முடியாம உங்க பென்ஷன் ஃபைல் நகராது. அப்புறம் பாக்கலாம்னா, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

முப்பத்து மூன்று வருடத்தில் முதல்முறையாக ‘அப்புறம்’ என்ற சொல் அவருக்குக் கசந்தது. இருவரும் ஜீப்பில் ஏறினார்கள்.

அனுமந்தையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உப்பளத்தில் ஆட்கள் அவசர அவசரமாக உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். சவரியம்மாளின் கொட்டகை, மூங்கில் எலும்புகளோடு அப்படியே நின்றது. உள்ளே ஆடுகள். வாசலில் ஒரு லாரி நிறையச் சோகை, இறக்காமல். கூரை வேய நாலு ஆட்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரன் பணம் வாங்காமல் சரக்கு இறக்கியதாகச் சரித்திரம் கிடையாது. ரொம்பக் கண்டிப்பானவன், யாரென்று சொல்ல மாட்டேன். சவரியம்மாள் குழுவில் கேட்டிருந்த பணம் கிடைக்கவில்லை, லாரியைத் திருப்பி அனுப்பவும் மனசில்லை. அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது.

பேராசிரியர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஸ்டாம்பு ஒட்டிய ரசீதை நீட்டினார்.

“சவரியம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. பணம் சாங்ஷன் ஆகி பின்னாடியே வந்துரும், என் பென்ஷனும் நகரும்.”

சவரியம்மாள் ரசீதைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு, சாவகாசமாக, முந்தானையால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நெற்றி, கன்னம், கழுத்து, திரும்ப நெற்றி. துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“ஒரு தபா பாத்தத வெச்சு முடிவு பண்ணக் கூடாது சார். மேலும் ஆய்வு தேவை.”

பீடி குடித்துக்கொண்டிருந்த ஆட்களுக்குப் புகை தொண்டையில் சிக்கியது.

“மழ வருதும்மா,” என்றார் பேராசிரியர்.

“எனக்குதான சார் வருது? உனக்கு பென்ஷன்தான வரல?”

பேராசிரியர் ஜெயப்பிரகாஷைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். “கூரைக்கு எந்தக் கணக்கு ஹெட்டுலயா பணம் இருக்குது?”

“ரிப்பேர் ஹெட்டு காலி சார். கட்டடத்துக்கு ஹெட்டே கிடையாது. தீவனம் ஹெட்டுல மட்டும் முப்பதாயிரம் அப்படியே இருக்குது.”

“கூரைய எப்படிய்யா தீவனத்துல போடறது?”

ஜெயப்பிரகாஷ் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. “மாடு துன்னா அது தீவனம்தான சார்? அந்தம்மா மனுவுல துன்னுச்சுன்னுதான் எழுதியிருக்குது. சோகை தீவனமாகுமான்னு ஆடிட்டுல கேட்டா, உங்க தீசிஸையே காட்டிடலாம். நீங்க, ‘தின்றது, நான் பார்த்தேன்’னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டா போதும். பணத்த நீங்க இப்ப கையிலேந்து குடுங்க. பில்லு போட்டு நான் உங்களுக்கு வாங்கித் தர்றேன்.”

புருஷோத்தமன் நின்றார். தின்றது என்று எழுதினால் கடைசிக் கட்டுரை செத்தது. உமிரி தின்னாத கன்றுகள் எதனால் வளர்ந்தன என்று நாளைக்கு எவனாவது ஒரு சின்னப் பையன் கேட்பான். தின்னவில்லை என்றால் பென்ஷன் செத்தது. கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையைத் தேடினார். கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலேயே வானம் தெரிகிற அளவுக்குப் பெரிய ஓட்டை அது. தன் இளமையை எல்லாம் வாங்கிக்கொண்டு ‘ஆகலாம்’ என்று நின்றுவிட்ட கேள்விக்கு, மூன்று ஜெர்சிக் கன்றுகள் ஆறே மாதத்தில் சிபாரிசு இல்லாமல், பிராஜெக்ட் இல்லாமல், அண்ணாந்து நின்றே விடை எழுதிவிட்டுப் போயிருந்தன. அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. இந்த இனத்தில் அது அபூர்வம், குறித்துக்கொள்ளுங்கள்.

“தின்னுச்சு,” என்றார். “நான் பாத்தேன். நல்லா ருசிச்சுத் தின்னுச்சு.”

ஒப்பீடு இல்லை, அடிக்குறிப்பு இல்லை. முப்பத்து மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நேரான பதில். எழுதியும் கொடுத்தார்.

பிறகு பையைத் திறந்தார். உள்ளே பிரியாணிக்காரருக்குக் கொடுப்பதற்காகக் காலையில் எடுத்த பணம் இருந்தது. ஒருகணம் யோசித்தார். போனை எடுத்தார். “ஹலோ பாய், விருந்து நல்லபடியா நடக்கட்டும். பணம் அடுத்த வாரம் குடுத்துடறேன்” என்றார். பார்த்தீர்களா? திருந்திவிட்டார் என்று நினைத்தீர்கள் அல்லவா? கல்லூரி இந்தப் பணத்தைத் தனக்கு எப்போது திருப்பித் தரும் என்று ஜெயப்பிரகாஷைக் கேட்டார். ஜெயப்பிரகாஷ் வானத்தைப் பார்த்தார்.

சவரியம்மாள் கையை நீட்டினார். உப்பு அரித்து வெடித்த உள்ளங்கை. கட்டுரையில் படமாக வந்த அதே கை. பேராசிரியர் எண்ண ஆரம்பித்தார்.

அவர் எண்ணி முடிக்கிறதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சந்தோஷம். குழாய் ரிப்பேர் செய்த பையனுக்கு ‘அப்புறம் ஜீபே பண்றேன்’ என்றது யார்? தம்பி கேட்ட நேரான கேள்விக்கு ‘பார்க்கலாம், யோசிச்சுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தது யார்? உங்கள் வீட்டில் எந்தக் கன்று யாருடைய கூரையைத் தின்றுகொண்டிருக்கிறது? எனக்குத் தெரியாது. நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

முதல் தூறல் விழுந்தது. லாரிக்காரன் கீழே இறங்கி, பணம் கைக்கு வருமுன்பே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, யாரிடமும் சொல்லாதீர்கள். சவரியம்மாள் கையை மடக்கவில்லை. ஒவ்வொரு தாளும் விழும்போதும் உதடு அசைந்தது. கடைசி ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பேராசிரியர் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், ஒரு நொடி தயங்கினார்.

“போடு சார்,” என்றார் சவரியம்மாள்.

போட்டார்.